நகர்வு: 6 அங்குலம்

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் ஐந்து பேர் பொம்மை வைத்து விளையாடுவோம். நாற்பதை நெருங்கும் வயதில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி மேசை. அதன்மேல் அட்டையிலும் பலகையிலும் நாங்களே செய்த ஒரு நகரம். அதன் தெருக்களில், ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரத்தில் மனிதர்கள். அளவுநாடாவால் அளந்து அவர்களை நகர்த்த வேண்டும், பகடை உருட்டிச் சண்டையிட வேண்டும். மினியேச்சர் விளையாட்டு என்று பெயர்.

எச்.ஜி. வெல்ஸ் 1913இல் இந்த வகை விளையாட்டுக்கு 'லிட்டில் வார்ஸ்' என்றொரு விதிப்புத்தகம் எழுதினார். 12 வயது முதல் 150 வயது வரையிலான பையன்களுக்கும், பையன்களின் விளையாட்டை விரும்பும் கூடுதல் அறிவுள்ள பெண்களுக்குமானது என்பதாக அதற்கு நீளமான துணைத்தலைப்பு. எங்கள் குழுவில் அந்தக் 'கூடுதல் அறிவுள்ள' இடத்தில் இருப்பவள் நான் ஒருத்திதான். மற்ற நால்வரும் கல்லூரிக் காலத்து ஆண் நண்பர்கள்.

2021இல் ஒரு சாலை விபத்தில் என் முதுகுத்தண்டு அடிபட்டது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. மேசை இருப்பது நண்பன் வீட்டு முதல் மாடியில். பதினேழு படிகள், லிஃப்ட் கிடையாது. அதனால் நான் வீடியோ அழைப்பில் விளையாடினேன். மேசை ஓரத்தில் ஒரு ஸ்டாண்டில் கைபேசியைச் செருகி வைப்பார்கள். நான் சொல்லச் சொல்ல என் பொம்மைகளை யாராவது நகர்த்துவார்கள். என்னை விட்டுவிடாமல் வைத்திருக்கிறார்களே என்று நன்றியோடுதான் இருந்தேன்.

போன வருடம், பேட்மேனின் கோதம் நகரத்தை வைத்துச் சொந்தமாக விதிகள் எழுதி விளையாடலாம் என்று முடிவெடுத்தோம். ஆளுக்கொரு பாத்திரத்தைத் தயார் செய்ய வேண்டும். நான் பார்பரா கார்டனைக் கேட்டேன்.

"உனக்கேத்த ஆளுதான். நீயே எங்க ஆரக்கிள்தானே" என்றான் ஒருவன். கேட்க இனிமையாக இருந்தது.

பார்பரா 1967இல் காமிக்ஸுக்குள் வந்தவள். பகலில் நூலகர், இரவில் பேட்கர்ல். 1988இல் ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில், ஜோக்கர் அவள் வீட்டுக் கதவைத் தட்டிச் சுடுகிறான். குண்டு முதுகெலும்பில் பாய்கிறது. அந்தக் கதை அவளுடையது அல்ல. அவளுடைய தந்தையான போலீஸ் கமிஷனரைப் பைத்தியமாக்கிப் பார்க்க ஜோக்கருக்கு ஒரு கருவி வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அத்தோடு கைவிடப்பட்டிருக்க வேண்டியவளை, கிம் யேல் என்ற பெண் எழுத்தாளரும் அவர் கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும் 1989இல் 'சூசைட் ஸ்குவாட்' இதழில் ஆரக்கிளாக மீட்டுக்கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்தபடி, கணினிகளின் துணையோடு, சூப்பர் ஹீரோக்களுக்கெல்லாம் தகவல் தருகிறவள். 1993இல் பேட்மேனின் முதுகும் உடைக்கப்பட்டது. அவர் சீக்கிரமே எழுந்து நடந்துவிட்டார். பார்பரா நாற்காலியிலேயே இருந்தாள். அது அநியாயம் என்று வாசகர்கள் கேட்டார்கள். 2011இல் அவளை மறுபடி நடக்க வைத்து பேட்கர்ல் ஆக்கியபோது, எங்களுக்கென்று இருந்த ஒருத்தியையும் எடுத்துக்கொண்டீர்களே என்று வேறு பலர் வருந்தினார்கள். எனக்கு இரண்டு வருத்தமும் புரிகிறது.

ஒரு பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவருவது என்றால் அவரை எண்களாக்குவது. நகர்வு, தாக்குதல், தற்காப்பு, உயிர்ப்புள்ளிகள், கடைசியாக விலை. இரு அணிக்கும் ஆளுக்கு நூறு புள்ளி. அதற்குள் ஆட்களை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆரக்கிளுக்குப் பொம்மையே வேண்டாம் என்பது நண்பர்களின் யோசனை. மேசைக்கு வெளியே ஓர் அட்டையாக இருக்கட்டும். சுற்றுக்கு மூன்று தகவல் வில்லைகள் அவளுக்கு. ஒரு வில்லையைக் கொடுத்தால் பேட்மேன் தோற்ற பகடையை மறுபடி உருட்டலாம், எதிரி ஒளித்து வைத்ததைத் திறந்து பார்க்கலாம். யோசித்தால் நியாயம்தான். காமிக்ஸிலும் அவள் பெரும்பாலும் மணிக்கூண்டுக் கோபுரத்துக்குள்தானே இருக்கிறாள்.

மூன்று ஞாயிறுகள் விளையாடிப் பார்த்தோம். சரிப்படவில்லை. எதிரணியால் அவளைத் தொடவே முடியாததால் அவள் இருக்கும் அணியே ஜெயித்தது. விலையைப் பதினைந்திலிருந்து முப்பதுக்கு ஏற்றினோம். யாரும் வாங்கவில்லை. இடையில் எந்த எண்ணைப் போட்டாலும் ஒரு பக்கம் சாய்ந்தது. ஆபத்தே இல்லாத ஆளுக்கு எங்களால் ஒரு நியாயமான விலை வைக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுவதும் எனக்கு என் அலுவலகம்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. விபத்துக்குப் பிறகு, "நீங்க நிரந்தரமா வீட்டிலிருந்தே வேலை பாக்கலாம்" என்றார்கள். அக்கறையோடுதான் சொன்னார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை. ஆனால் குழுத்தலைமை இரண்டு முறை என்னைத் தாண்டிப் போனது. நேரில் இருக்கிறவர் வேண்டுமாம். என் தகவல் வில்லைகளை மட்டும் தினமும் செலவழிக்கிறார்கள். ஒவ்வொரு ஆணின் வெற்றிக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறாள் என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். பின்னால் என்ற அந்தச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

சிறுவயதில் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியை விழுந்து விழுந்து படித்தவள் நான். கையை இழந்து இரும்புக்கை பெற்றவர். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் கை மட்டும் தெரியும், ஆள் மறைந்துவிடுவார். அப்போது அது பெரிய வரமாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

அடுத்த அழைப்பில், "அவ மேசைக்கு வரணும். பொம்மைய நான் செய்யறேன்" என்றேன்.

கடைகளில் கிடைத்த பெண் பொம்மைகள் எல்லாம் குதிகால் உயர்ந்த செருப்பில் இடுப்பை வளைத்து நின்றன. ஒன்றை வாங்கி, சிறு ரம்பத்தால் இடுப்புக்குக் கீழே அறுத்தேன். கை நடுங்கியது. சிறிது நேரம் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். பிறகு எம்-சீல் பிசைந்து, உட்கார்ந்த கால்களைச் செய்தேன். என் நாற்காலியின் சக்கரம் 24 அங்குலம். பொம்மையின் அளவுக்குக் கணக்கிட்டால் ஒரு சென்டிமீட்டர்தான் வந்தது. சட்டைப் பொத்தான் சரியாக இருந்தது. பின்னால் தள்ளும் கைப்பிடிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கைப்பிடி இருந்தால் கேட்காமலே தள்ளுவார்கள். கைகளில் இரண்டு குச்சிகள். கதையிலும் அவள் நாற்காலியில் இருந்தபடியே எஸ்கிரிமா குச்சிகளால் சண்டை போடக் கற்றவள்.

பிறகு எண்கள். எல்லோருக்கும் நகர்வு 6 அங்குலம். அவளுக்கு ஒருவன் 3 என்று எழுதினான், இன்னொருவன் 2.

"டேய், சக்கரம்டா. சமதரையில நான் உன்னைவிட வேகமாப் போவேன்."

"சரி, ஏணி வந்தா?"

அப்போதுதான் எங்கள் கோதமைக் கவனித்துப் பார்த்தேன். பதினொரு கட்டிடங்கள். எல்லாவற்றுக்கும் ஏணி அல்லது படி. ஒரு சாய்தளம்கூட இல்லை. அந்த நகரத்தைக் கட்டியது நாங்கள்தான். விபத்துக்கு முன்பு அந்த ஏணிகளில் பாதியை ஐஸ்குச்சி வைத்து ஒட்டியவளே நான்தான். மேசையில் இருந்த குறையை அவளுடைய அட்டையில் எழுதப் பார்த்தோம்.

அட்டையில் 6 என்றே எழுதினோம். நகரத்துக்கு அட்டையில் நான்கு சாய்தளங்கள் வெட்டினோம். அடுத்த ஆட்டத்தில் அவற்றை அதிகம் பயன்படுத்தியது ஆரக்கிள் அல்ல, பணப்பெட்டி தூக்கிக்கொண்டு ஓடிய ஜோக்கரின் அடியாட்கள்தான். அவள் எதிரியின் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் விலையும் படிந்தது. இருபத்திரண்டு.

இதையெல்லாம் கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்தது. ஆரக்கிளை மேசைமேல் ஏற்றிவிட்டேன். நான் இன்னும் ஸ்டாண்டில் செருகிய அட்டையாகவே இருந்தேன்.

"மேசையைக் கீழே இறக்க முடியுமாடா?" என்று கேட்டேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. "கார் ஷெட்ல போடலாமே" என்றான் நண்பன். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. மூன்று வருடமாக யாருக்கும் அது தோன்றவில்லை. கேட்கலாம் என்று எனக்கே தோன்றவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய விஷயம். மூன்றடி மேசை. இரண்டு பேர் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டார்கள்.

மேலிருந்து கேமரா காட்டிய நகரம் வேறு. நாற்காலியில் இருந்து பார்த்தால் என் கண்மட்டம் கட்டிடங்களுக்குக் கொஞ்சம்தான் மேலே. சந்துகளுக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. என் பொம்மையை நானே அளந்து நகர்த்தினேன்.

அன்று ஆரக்கிள் ஐந்தாவது சுற்றில் விழுந்தாள். இரண்டு அடியாட்கள் சாய்தளம் வழியாகவே ஏறி வந்து அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவனைக் குச்சியால் வீழ்த்தினாள். அடுத்த பகடையில் எனக்கு ஒன்று விழுந்தது. தோற்றதற்கு நான் சந்தோஷப்படுவதைப் பார்த்து அவர்கள் குழம்பினார்கள். தோற்பதற்கும் மேசைமேல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு விளக்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன, ஒரு சாய்தளம் வேண்டும், வாரத்தில் மூன்று நாள் நேரில் வர விரும்புகிறேன் என்று. பதில் இன்னும் வரவில்லை. இந்தத் திங்கட்கிழமை மறுபடி எழுதுவேன்.