இரு கரைகளை இணைத்த பாலம்

ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்ட், டான்யூப் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த எழில்மிகு நகரம். மேற்கே குன்றுகள் நிறைந்த புடா. கிழக்கே சமவெளியில் பரந்து கிடக்கும் பெஸ்ட். இவ்விரண்டும் ஓபுடா என்னும் ஊரும் 1873ஆம் ஆண்டில் ஒரே நகராக இணைந்தன. அங்குப் பணிபுரியும் என் தம்பியின் அழைப்பை ஏற்று, கோடை விடுமுறையில் ஒருமுறை நானும் என் மகளும் அந்நகருக்குச் சென்றிருந்தோம்.

முதல் நாள், புடாக் குன்றின்மீதுள்ள மீனவர் கொத்தளத்தை அடைந்தோம். அதன் ஏழு கோபுரங்கள், பண்டு அந்நாட்டில் குடியேறிய ஏழு மகியார் குலங்களைக் குறிக்கின்றன. எதிர்க்கரையில் நாடாளுமன்றத்தின் 96 மீட்டர் உயரக் குவிமாடம் வெயிலில் ஒளிர்ந்தது. தெற்கே சங்கிலிப் பாலம் ஆற்றின் குறுக்கே நீண்டு கிடந்தது.

அக்காட்சியில் மகிழ்ந்த மகள், ஊரிலுள்ள பாட்டிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாள். வாங்கிப் பார்த்தேன். சொற்கள் தமிழ்; எழுத்தோ தேவநாகரி!

"பாட்டிக்குத் தமிழ் மட்டுந்தானே படிக்கத் தெரியும்?" என்றேன்.

"எனக்கு இப்படித்தானே எழுத வருகிறது, அம்மா" என்றாள்.

ஊர்தோறும் மாற்றலாகிச் சென்று பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்த நான், என் மகளைக் கவனியாது விட்டேன் என்பது அன்றுதான் உறைத்தது. மறுமொழி கூற இயலவில்லை.

குன்றிலிருந்து இறங்கிப் பாலத்தில் நடந்தபோது, அதன் வரலாற்றை அவளுக்குக் கூறினேன். 1820ஆம் ஆண்டின் இறுதியில், தந்தை இறந்த செய்தி கேட்டு விரைந்த இஷ்த்வான் சேச்செனி என்னும் பிரபு, ஆற்றைக் கடக்க வழியின்றி ஒரு வாரம் காத்திருக்க நேர்ந்தது. குளிர்காலத்தில் படகுப் பாலத்தை அகற்றிவிடுவது அக்கால வழக்கம். நிலையான பாலம் வேண்டுமென்று அவர் மேற்கொண்ட முயற்சி 1849இல் நிறைவேறியது. 1945இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் அப்பாலத்தைத் தகர்த்தனர். மீண்டும் கட்டப்பட்டு, நூறாம் ஆண்டான 1949இல் அது திறக்கப்பட்டது.

பாலத்தின் பெஸ்ட் முனையில் அறிவியல் கழகக் கட்டடம் நிற்கிறது. ஹங்கேரிய மொழியை வளர்க்கக் கழகம் ஒன்று வேண்டுமென 1825இல் பேச்சு எழுந்தபோது, தம் ஓராண்டு வருமானத்தை வழங்க முன்வந்தவரும் அதே சேச்செனிதான்.

"அவர் அம்மொழியில் பெரும்புலவரோ?" என்று மகள் வினவினாள்.

"இல்லை. ஜெர்மன் மொழியில் வளர்ந்தவர். நாட்குறிப்பைக்கூடப் பெரும்பாலும் அம்மொழியிலேயே எழுதினார். ஹங்கேரிய மொழியை வளர்ந்த பின்னரே முயன்று கற்றுத் தேர்ந்தார்."

மகள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் மற்றோர் அட்டை வாங்கித் தருமாறு கேட்டாள். ஆற்றங்கரைப் படியில் அமர்ந்து எழுதத் தொடங்கினாள்.

"ஆறு என்பதற்கு எந்த 'ரு', அம்மா?"

"வல்லின 'று'."

ஆறு வரிகள் எழுத அரைமணி நேரம் ஆயிற்று. அவற்றில் இரண்டு பிழைகள் இருந்தன; நான் திருத்தவில்லை. கற்பிக்க வேண்டியவை இனியும் உள என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சில வாரங்களுக்குப் பின் பாட்டி தொலைபேசியில் அழைத்தார். அவ்வட்டையை எவர் துணையுமின்றித் தாமே வாசித்தாராம். அண்டை வீட்டாருக்கும் வாசித்துக் காட்டினாராம்.