அப்பத்தாவும் 30 பைட்டும்

ஜெர்மனிக் குளிரில், ஆய்வக ஆணிகளுக்கு நடுவே, சொந்தக்காரங்க வீட்டில் பதிஞ்ச பாட்டுகளைப் பகிர்ந்துக்க ஒரு சின்னத் தளம் கட்டியிருக்கேன் மக்களே. ரெண்டு வாரம் மெனக்கெட்டு நட்சத்திர மதிப்பெண் வசதி வேற. (அப்பத்தா பாட்டுக்கு எவன் மதிப்பெண் போடுவான்? அப்போ தோணலை.)

மலேசியாவிலிருந்து அத்தை போன். "டேய், அம்மா தாலாட்டைத் தேடுறேன், ஒண்ணுமே வரலையேடா."

அப்பத்தா 2019-ல போயிட்டாங்க. அந்தக் குரல் மிச்சமிருக்கிறது அந்த ஒரே கோப்பில்தான். பதறிப்போய்ப் பார்த்தா, கோப்பு பத்திரம், பேருதான் இல்லை. 'அப்பத்தா தாலாட்டு'ன்னு கொடுத்தது 'அப்பத்தா த'ன்னு நிக்குது, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி.

எல்லாம் நான் எங்கிருந்தோ சுட்ட பழைய நிரலின் வேலை. பேரை எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்டில், ஐடி3-யின் முதல் பதிப்பு முறையில் எழுதி வெச்சிருக்கு. அதில் தலைப்புக்கு 30 பைட்தான். ஆங்கிலத்துக்கு 30 எழுத்து. யூடிஎஃப்-8 தமிழிலோ 'த'வுக்கு 3, அதோட காலுக்குத் தனியா 3, புள்ளிக்கும் 3. 'தா'வின் கால் பாதியில வெட்டுப்பட்டுப் போச்சு.

பேரைத் தரவுதளத்தில் முழுசா வெச்சு, 'பாடியவர்' கட்டமும் சேர்த்தேன். நட்சத்திரத்தைத் தூக்கிட்டேன். அத்தை அன்னிக்கு ராத்திரியே நாலு தடவை கேட்டிருக்காங்க. மறுநாள் மறுபடி போன்: "பொத்தான் சின்னதா இருக்குடா, கண்ணு தெரியல."