சம்பளம் கணக்கில் சேராது

அக்கா மகளுக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர ஓபிசி சான்றிதழ் தேவைப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். அரசு அலுவலக உதவியாளரான அத்தானின் சம்பளத்தோடு வயல் வருமானத்தையும் கூட்டி, ஆண்டு வருமான வரம்பான 8 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது என்று நிராகரித்துவிட்டார்கள். பிள்ளை அன்றிரவு சாப்பிடவே இல்லை.

1993 செப்டம்பர் 8-ஆம் தேதியிட்ட மத்திய அரசு ஆணையைத் தேடிப் படித்தேன். கிரீமிலேயர் (ஓபிசி பிரிவில் இடஒதுக்கீடு கிடைக்காத வசதியானவர்கள்) வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. வாடகை, வட்டி, வியாபாரம் போன்ற பிற வருமானம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வரம்பைத் தாண்டினால்தான் தடை. பெற்றோரின் பதவிக்கும் நில அளவுக்கும் தனி விதிகள் உண்டு.

ஆணையின் நகலோடு மறுபடி விண்ணப்பித்தோம், சான்றிதழ் கிடைத்தது.

மாநிலச் சாதிச் சான்றிதழ் மட்டும் மத்திய அரசின் 27 சதவீத இடஒதுக்கீட்டுக்குப் போதாது. பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அது நம் பிள்ளைகளின் உரிமை.