கேமரா வேண்டாம்... கதவு சொன்னால் போதும்!

திருவந்திபுரம் என்றதும் தேவநாத சுவாமி கோயிலும், முகூர்த்த நாள்களில் அங்கே வரிசைகட்டி நடக்கும் கல்யாணங்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். கடலூரை ஒட்டி, கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கும் இந்த ஊரில் தனியாக வாழ்கிறார் 68 வயது அம்மா ஒருவர். கணவர் காலமாகிவிட்டார். மகனுக்குச் சென்னையில் வேலை. மகள் சிதம்பரத்தில் இருக்கிறார்.

ஒருநாள் விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் அம்மா. எழுந்திருக்க முடியவில்லை. போன் கட்டிலில் இருந்தது. பால் ஊற்ற வந்தவரின் குரல் கேட்கும்வரை ஒன்றரை மணி நேரம் ஈரத்தரையிலேயே கிடந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆனால், பிள்ளைகள் இருவருக்கும் தூக்கம் போய்விட்டது.

அடுத்த வாரமே ஹாலில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார் மகன். இரண்டே நாளில் போனில் படம் கறுப்பாகிவிட்டது.

"கேமரா கெட்டுப்போச்சாம்மா?"

"கெடலப்பா. நான்தான் துண்டைப் போட்டு மூடி வெச்சிருக்கேன். கால் நீட்டி உட்காரக்கூட கூச்சமா இருக்கு. இது என்ன வீடா, ஜவுளிக்கடையா?"

மகனுக்குக் கோபம் வந்தது. மகள்தான் நிதானமாகக் கேட்டார்: "அம்மா என்ன பண்றாங்கன்னு நாம பார்க்கணுமா தம்பி? நல்லா எழுந்து நடமாடுறாங்கன்னு தெரிஞ்சா போதாதா?"

அந்தக் கேள்விக்கான பதில் ஏ.டி.எம் கார்டு அளவுள்ள ஒரு கணினியில் கிடைத்தது. பெயர், ராஸ்பெர்ரி பை. பிள்ளைகள் புரோகிராமிங் கற்றுக்கொள்ள மலிவாக ஒரு கணினி வேண்டும் என்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபென் அப்டனும் அவரின் சகாக்களும் உருவாக்கியது. 2012, பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தது. அதில் ஓடுவது 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவச மென்பொருள். 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கியதை, இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து வளர்க்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் ஸ்மார்ட் பல்புகளும் பிளக்குகளும் பெரும்பாலும் எங்கோ இருக்கும் கம்பெனி சர்வரைக் கேட்டுத்தான் வேலை செய்யும். அந்த சர்வர் நின்றால்? அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்ற கருவியை 300 டாலர் கொடுத்து வாங்கியவர்களுக்கு அதுதான் நடந்தது. அந்த நிறுவனத்தை வாங்கிய 'நெஸ்ட்', 2016 மே மாதத்தில் சேவையை நிறுத்த, கருவி வெறும் பெட்டியாகிவிட்டது. ஹோம் அசிஸ்டன்ட்டில் விதிகளும் பதிவுகளும் வீட்டுக்குள்ளேயே இருக்கும். இன்டர்நெட் போனாலும் வீட்டுக்குள் வேலை நடக்கும்.

கடலூர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 மழை வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது.

ஒரு சனிக்கிழமை, லேப்டாப்பில் மென்பொருளை மெமரி கார்டில் ஏற்றி, பையில் செருகி, ரூட்டரோடு கேபிளில் இணைத்தார் மகன். செல்போன் சார்ஜர் போன்ற அடாப்டரே அதற்குப் போதும். இரண்டு கதவுகளில் பின்வாசலுக்கு மட்டும் ஒரு சென்ஸார் வாங்கியிருந்தார். கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்னப் பெட்டி. கதவு திறந்தால் இரண்டும் விலகும். பெட்டி உடனே பைக்குச் சொல்லும். அம்மா எழுந்ததும் முதலில் திறப்பது பின்வாசலைத்தான்.

விதி இதுதான்: காலை 6.30 மணிக்குள் பின்வாசல் திறக்கவில்லை என்றால் மகனுக்கும் மகளுக்கும் மெசேஜ் போகும். அம்மாவிடம் சொன்னதும், "அதென்னப்பா, எங்கிட்ட கேட்காம நேரா உங்ககிட்ட போட்டுக் கொடுக்குது? ஒருநாள் அசந்து தூங்கக் கூடாதா?" என்றார்.

நியாயம்தானே? விதி மாறியது. 6.30-க்கு முதலில் ஹாலில் மணி அடிக்கும். கட்டில் பக்கத்தில் இருக்கும் பட்டனை அம்மா அமுக்கினால் விஷயம் அங்கேயே முடிந்தது. கால் மணி நேரம் பதில் இல்லை என்றால் மட்டுமே மெசேஜ். பாத்ரூம் சுவரில், தரையிலிருந்து கைக்கெட்டும் உயரத்தில் இன்னொரு பட்டன். அதை அமுக்கினால் காத்திருக்காமல் உடனே தகவல் போகும்.

அடுத்து, தண்ணீர் மோட்டார். டேங்க் நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். அம்மா முட்டிவலியோடு எழுந்து ஓட வேண்டும். சின்ன ரிலே ஒன்றை வைத்து மோட்டாரை இயக்கிவிடலாம் என்று நினைத்தார் மகன். உள்ளூர் எலெக்ட்ரீஷியன் ஒப்புக்கொள்ளவில்லை. "மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும் தம்பி. இது கருகிடும்" என்றவர், கான்டாக்டர் போட்டார். டேங்கில் ஒரு மிதவை சுவிட்சையும் பொருத்தி, அதை நேராக மோட்டாரின் கன்ட்ரோலோடு இணைத்தார். மோட்டாரை நேரத்துக்குப் போடுவது பை. நிறைந்ததும் நிறுத்துவது மிதவை. கணினி மக்கர் செய்தாலும் தண்ணீர் வழியாது. சுவரில் இருந்த பழைய சுவிட்சும் அப்படியே இருக்கிறது.

எல்லாம் சரியாகத்தான் போனது, மார்கழி பிறக்கும்வரை!

ஒருநாள் காலை 6.45-க்கு இரண்டு போன்களிலும் மெசேஜ். அம்மாவை அழைத்தால் எடுக்கவில்லை. மகன் பதறிப்போய் பஸ்ஸுக்குக் கிளம்ப, மகள் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டார். "அம்மாவா? என்கூட கோயில்ல இருக்காங்க. பொங்கல் வாங்க வரிசையில நிக்கிறோம்" என்று பதில் வந்தது. விடியும் முன்பே வாசலில் கோலம் போட்டுவிட்டு, முன்கதவைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். போன் வீட்டில். மணி அடித்தபோது கேட்க ஆளில்லை.

அன்று மாலையே முன்கதவுக்கும் ஒரு சென்ஸார் ஆர்டர் போடப்பட்டது. எந்தக் கதவு திறந்தாலும் போதும் என்று விதி திருத்தப்பட்டது. பக்கத்து வீட்டு எண், மகன், மகள் இருவர் போனிலும் முதல் வரிசைக்கு வந்தது. வீட்டில் நெட் இல்லையென்றால் மெசேஜ் வெளியே போகாதே, அப்போதும் உதவப்போவது அந்த எண்தான்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு மகன் சொல்லும் குறிப்புகள் மூன்று. திடீர் திடீரென்று கரன்ட் போனால் மெமரி கார்டு பழுதாகலாம். எனவே பையையும் ரூட்டரையும் இன்வெர்ட்டரில் இணையுங்கள். அவ்வப்போது பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். வீட்டு மின் இணைப்பில் கைவைப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது அம்மாவே ஒரு வேலை சொல்லியிருக்கிறார். "மழைக்காலத்துல கொல்லைப்பக்கம் பாம்பு வருதுப்பா. இருட்டினதும் அந்த லைட்டு தானா எரியட்டும்." சூரியன் மறையும் நேரம் ஹோம் அசிஸ்டன்ட்டுக்குத் தெரியும் என்பதால், அந்த விதியை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மகள் மட்டும் தினமும் காலை ஒன்பது மணிக்கு அம்மாவை அழைப்பதை நிறுத்தவில்லை. கதவு திறந்ததை பை சொல்லிவிடும். முட்டிவலி எப்படி இருக்கிறது, இட்லிக்கு என்ன சட்னி என்பதையெல்லாம் அம்மாதானே சொல்ல வேண்டும்!