மந்திரவாதி பொறந்த வீடு!

சிகாகோவில் காரை எடுத்தா, வடமேற்கே ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேக் ஜெனிவா. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துல ஏரிக்கரையில் இருக்கிற குட்டி ஊர். வர்றவங்க எல்லாம் போட்டிங் போவாங்க. நாம சென்டர் ஸ்ட்ரீட், 330-ம் நம்பர் வீட்டு வாசலுக்குப் போவோம் பாஸ்!

பார்த்தா சாதாரண வீடுதான். ஆனா, 1972-ல் இங்கேதான் 'கிரேஹாக்' கோட்டையும் அதுக்கடியில் பாதாளச் சுரங்கமும் உருவாச்சு. செங்கல்லால இல்லீங்க, பேப்பர், பென்சில், பகடையால!

உருவாக்கினவர் கேரி கைகாக்ஸ். 1970-ல் இன்ஷூரன்ஸ் வேலை பறிபோக, செருப்பு தைச்சுப் பொழைச்சவர். கிரேஹாக்கில் முதல்ல நுழைஞ்சது அவரோட மகன் எர்னியும் மகள் எலிஸும்தான். அப்பா கதை சொல்வார். பசங்க பகடை உருட்டி, பூதத்தோட மோதுவாங்க.

இதுல ஒரு சிக்கல். கதை சொல்றவர் விளையாட முடியாது! அதனால நண்பர் ராப் குன்ட்ஸைக் கதை சொல்ல உட்கார வெச்சிட்டு, தனக்குன்னு ஒரு மந்திரவாதியைப் படைச்சார் கைகாக்ஸ். பேரு மார்டன்கைனன். பின்லாந்து புராண வாசனை அடிக்கிற பேரு. எதிரியா வந்த பிக்பிங்கிற மந்திரவாதியையே மடக்கி அடியாளாக்கிட்டார்னா பாருங்க!

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974 ஜனவரியில் வெறும் 1,000 பெட்டியோட வெளியாச்சு. 1978 விதிப் புத்தகத்துல மந்திரங்களுக்கே மார்டன்கைனன், பிக்பி, டென்ஸர்னு பேரு. டென்ஸர் யாரு? எர்னி ஆடின மந்திரவாதி. 'எர்னஸ்ட்'டின் இங்கிலீஷ் எழுத்துக்களை மாத்திப் போட்டா டென்ஸர்!

அடுத்து பிராட் ஸ்ட்ரீட். அங்கே ஹார்ட்டிகல்ச்சுரல் ஹால். 1968-ல் 50 டாலர் வாடகைக்கு எடுத்து, 'ஜென் கான்' விளையாட்டுத் திருவிழாவை கைகாக்ஸ் ஆரம்பிச்ச இடம்.

கிளைமாக்ஸ்தான் சோகம். 1985-ல் கம்பெனி கைமாற, அடுத்த வருஷம் கைகாக்ஸ் வெளியேறிட்டார். மார்டன்கைனன்ங்கிற பேரு கம்பெனிக்கே சொந்தமாயிடுச்சு. பெத்தவரே அவனை வெச்சு ஒரு கதை எழுதி விக்க முடியாது!

ஆனா, அவனோட பலம், பலவீனம் எல்லாம் குறிச்சு வெச்ச ஒரிஜினல் பேப்பர் மட்டும் கைகாக்ஸ்கிட்டயே இருந்துச்சு. கம்பெனி வெளியிட்ட கணக்கு எதுவும் நிஜம் இல்லை. வயசான காலத்திலும் அப்பப்போ மார்டன்கைனனா ஆடினவர், 2008 மார்ச் 4-ல் இறக்கிற வரை அந்த ரகசியத்தை வெளியிடவே இல்லை.

பேரு அவங்களுக்கு. மந்திரவாதி இவருக்கு!