மாமாவைக் கொத்திய கோப்ரா

நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்குச் சொந்தக்காரங்க மத்தியில ஒரு பேரு உண்டு. "அவன் கம்ப்யூட்டர்ல இருக்கான், எல்லாம் தெரியும்." பிரிண்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவாங்க, பாஸ்போர்ட் ஃபாரத்துக்கும் கூப்பிடுவாங்க. 2024 நவம்பர்ல நியூஜெர்சி எடிசன்ல இருக்கற பெரிய மாமா கூப்பிட்டப்பவும் அந்த மாதிரி வேலைதான்னு நினைச்சுப் போனேன். மாமா ஒரு கத்தைக் கடுதாசியை நீட்டினார். "டேய், இதுல எனக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்லு."

மெடிகேர், 1965-ல் ஜான்சன் காலத்துல வந்த அரசாங்கக் காப்பீடு. 65 வயசானா கிடைக்கும். பார்ட் ஏ, ஆஸ்பத்திரியில படுத்தா. பத்து வருஷம் வரி கட்டியிருந்தா அதுக்குப் பிரீமியம் கிடையாது. பார்ட் பி, டாக்டர், டெஸ்ட் இதுக்கெல்லாம். அதுக்கு மாசாமாசம் காசு. மாமாவுக்கு 65-லயே ஏ வந்துடுச்சு. வேலையில இருந்ததால பி-யை எடுக்கலை. அதுல தப்பு இல்லை, பெரிய கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தா தள்ளிப் போடலாம்.

2023 ஜூன் கடைசியில ரிட்டயர் ஆனார். கம்பெனியில கோப்ரா குடுத்தாங்க. பாம்பு இல்லைங்க, பழைய இன்ஷூரன்சையே 18 மாசம் நம்ம சொந்தக் காசுல தொடர்ற ஏற்பாடு. ஆனா கொத்தும் :) மாமா ஒழுங்காப் பணம் கட்டிட்டு, அது முடியறப்ப பி எடுத்துக்கலாம்னு நிம்மதியா இருந்துட்டார்.

பக் எங்கன்னா, பி-யில சேர எட்டு மாச அவகாசம் வேலையை விட்ட நாள்லேர்ந்து ஓட ஆரம்பிக்குது. கோப்ரா முடியற நாள்லேர்ந்து இல்லை. 2024 பிப்ரவரியோட மாமாவோட டைமர் முடிஞ்சாச்சு. இனி ஜனவரி வரை காத்திருக்கணும், பிப்ரவரி ஒண்ணாம் தேதிதான் அமலுக்கு வரும். தாமதமான ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 10 சதவீதம் தண்டம் வேற, பி இருக்கற வரைக்கும். 2025-ல் பிரீமியம் 185 டாலர், மாமாவுக்கு 203.50. பிரீமியம் ஏறினா தண்டமும் கூடவே ஏறும்.

காசைவிட அந்த ஜனவரிதான் எல்லாரையும் பயமுறுத்துச்சு. கோப்ரா முடிஞ்சாச்சு, பி வரலை. நியூஜெர்சி பனியில வழுக்கி எமர்ஜென்சிக்குப் போனா மொத்தப் பில்லும் நம்ம தலையில. அத்தை வாசக்கதவை விட்டு இறங்க விடலை. தினம் நாலு மைல் நடக்கற மனுஷன், சர்க்கரைக்காரர் வேற, ஒரு மாசம் ஹால்லயே சுத்திச் சுத்தி வந்தார். பார்க்கச் சிரிப்பா இருந்துச்சு. ஆனா முதல் தடவையா மாமா வயசானவராத் தெரிஞ்சார்.

பிப்ரவரியில பி வந்ததும் மாலுக்குள்ள நடக்க ஆரம்பிச்சார். ஒரு வருஷம் கழிச்சு, காசு வாங்காத வருடாந்திர 'வெல்னஸ் விசிட்'டுக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். முழு உடம்பையும் பார்ப்பாங்கன்னு வெறும் வயித்தோட வந்திருந்தார். அது அந்த மாதிரி செக்கப் இல்லை. சமீபத்துல கீழ விழுந்தீங்களான்னு கேட்டாங்க, மூணு வார்த்தை சொல்லி ஞாபகம் வெச்சுக்கச் சொன்னாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க. சிவில் இன்ஜினியர், ஸ்கேல் கேட்டார்! மூணு வார்த்தையில ஒண்ணை விட்டுட்டார். கார்ல வர்றப்ப, "வாழைப்பழம்டா, மூணாவது வாழைப்பழம்"னு தானாச் சொன்னார். நான் ரோட்டையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

மாமாவோட கனவு, ரிட்டயர் ஆனதும் வருஷத்துல ஆறு மாசம் கும்பகோணம். ஆனா மெடிகேர் இந்தியாவுல செல்லாது. அங்க இருக்கற மாசம் பி-யை நிறுத்திடலாமான்னு கேட்டார். நிறுத்தினா மறுபடி ஜனவரி, மறுபடி தண்டக் கணக்கு. பி குடுக்காத 20 சதவீதத்துக்குன்னு ஒரு மெடிகேப் பாலிசி எடுத்திருந்தோம். அதுல மட்டும் ஒரு வரி இருந்துச்சு: வெளிநாட்டுல அவசரச் சிகிச்சைன்னா, பயணத்தோட முதல் 60 நாளுக்குள்ள ஆரம்பிச்சிருந்தா 80 சதவீதம் தருவாங்க, ஆயுசு முழுக்க மொத்தம் 50,000 டாலர் வரை.

மாமா அதை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணி, 58-ஆவது நாள்ல திரும்பற மாதிரி டிக்கெட் போடச் சொன்னார்.