பதினோரு மாவட்டம்

ஏப்ரல் 28, 2021. மயூர் விஹார்.

நாலு மணிக்குப் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்குத் தடுப்பூசி முன்பதிவுத் தளமான கோவின் திறந்தது. திறந்த வேகத்திலேயே திணறியது. ஓடிபி வரவில்லை. நேற்று எடுத்துப்போன கோவிட் சாம்பிளின் முடிவும் வரவில்லை. காய்ச்சல் 101.

மே 1

கீழ்வீட்டு மாமி வாசலில் ரசம் வைத்துவிட்டுப் போனில் பேசினார்: “எங்காத்துப் பொண்ணுக்கு எங்கயாவது ஊசி கிடைக்குமான்னு பாரேன்டா.”

கோவின் தன் தரவை மற்ற நிரலாளர்களுக்கும் தருகிறது. தேதியைச் சொன்னால் டெல்லியின் பதினோரு மாவட்டங்களையும் ஒரே மூச்சில் கேட்டுக் காட்டும்படி ஒரு பக்கம் எழுதினேன். ஜாவாஸ்கிரிப்டின் பிராமிஸ் ஆல் கொண்டு. ஒரு மாவட்டம் பதில் தராவிட்டால் போதும், மற்ற பத்தையும் சேர்த்துக் கைவிரித்துவிடுகிறது. ஒரு சம்பந்தி வரவில்லை என்று பந்தியையே கலைப்பது போல. ஆல்செட்டில்டுக்கு மாற்றினேன், 2020இல்தான் மொழியில் சேர்ந்தது. வந்ததையும் வராததையும் தனித்தனியே சொல்லும்.

மே 2

ரசத்தில் மணமே இல்லை. மாமியைக் குறை சொல்ல முடியாது.

மே 4

“ஆறாம் தேதின்னுதானே அமுக்கினேன்? துவாரகால பன்னண்டு இடம்னு காட்டித்து. கோவின்ல அரைமணி தேடினா அன்னிக்கு ஒண்ணுமே இல்லடா!”

என் பக்கத்தில் மாமி முதலில் தவறி ஐந்தை அமுக்கியிருக்கிறார், உடனே ஆறை. ஆறின் பதில் முந்தி வந்து திரையில் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தின் பதில் ஆடி அசைந்து வந்து அதை அழித்துவிட்டுத் தான் உட்கார்ந்துவிட்டது. தலைப்பில் ஆறு, கீழே ஐந்தின் இடங்கள்.

அவெய்ட் போட்டால் எல்லாம் வரிசையாக நடக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருக்கிறேன்! அது தன் ஃபங்ஷனை மட்டும்தான் நிறுத்திவைக்கும். ஏற்கெனவே கிளம்பிப்போன கேள்வி அதன்பாட்டுக்குப் போய்த் திரும்பும். கேட்ட வரிசையில் பதில் வரும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இப்போது புதிதாகக் கேட்குமுன் அபார்ட் கண்ட்ரோலரால் பழையதை ரத்து செய்கிறேன். அதையும் மீறி வந்தால் என்ன செய்வது? ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, கடைசி எண்ணுக்குரிய பதிலை மட்டும் ஏற்றுகிறேன். எட்டே வரி.

மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீ தூங்குடா” என்றார். இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம்.

மே 6

கோவின் வெளியே தரும் விவரம் இனி அரைமணி வரை பழையதாக இருக்கலாமாம். ஐந்து நிமிடத்துக்கு 100 முறைதான் கேட்கலாம். பதினொன்றை ஒன்பது தடவை கேட்டால் 99. ‘இடம் இருக்கிறது’ என்பதை ‘இருந்தது’ என்று மாற்றி, பக்கத்தில் கேட்ட நேரத்தையும் போட்டேன்.

சாயங்காலம் லேப் முடிவு வந்தது. 27ஆம் தேதி சாம்பிள். பாசிட்டிவ். காய்ச்சல் விட்டு மூன்று நாளாகிறது.

மாமியின் பெண்ணுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.